மரைன் டேங்கில் பாசி: ராமநாதபுரம் கடற்கரையில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

“அண்ணே, கல்லெல்லாம் பழுப்பாயிருச்சு. என்ன மருந்து ஊத்தலாம்?”

ராமநாதபுரம், மண்டபம், கீழக்கரைப் பக்கம் புதிதாகக் கடல்நீர்த் தொட்டி வைத்தவர்கள் மூன்றாவது வாரம் தவறாமல் கேட்பது இது. எதையும் ஊற்ற வேண்டாம் என்று சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. கடைக்காரர் ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்தால் மனசு ஆறிவிடுகிறது. பாட்டில் தீரும்போது பாசி திரும்ப வந்துவிடும். ஏனென்றால் அதற்கான சாப்பாடு தண்ணீரிலேயே இருக்கிறது.

பாசி வளர வெளிச்சமும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் போதும். வெளிச்சத்தை ஓரளவு குறைக்கலாம், அவ்வளவுதான். மற்ற இரண்டும் நாம் வைக்கும் கல், ஊற்றும் தண்ணீர், போடும் தீனி ஆகிய வழிகளில்தான் தொட்டிக்குள் வருகின்றன. வரும் வழிகளை முதலில் அடைப்போம், வெளியேற்றும் வழிகளைப் பிறகு பார்ப்போம். கணக்குக்கு வசதியாக மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியை எடுத்துக்கொள்கிறேன். கொள்ளளவு 190 லிட்டர். கல்லும் மணலும் போக உள்ளே நிற்கும் தண்ணீர் 160 லிட்டர் என்று வையுங்கள். முதல் தொட்டிக்கு இதைவிடச் சிறியது வேண்டாம். தண்ணீர் குறையக் குறைய எல்லா அளவும் வேகமாக ஏறி இறங்கும்.

1. கல்: கடலிலிருந்து எடுக்காதீர்கள்

குருசடைத் தீவு கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது கல்லுக்காகச் சென்னைக் கடைக்குப் பணம் அனுப்புவானேன் என்று தோன்றும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு கல்லையும் எடுக்க முடியாது. பூங்கா எல்லைக்கு வெளியிலும், பார் (கடலடித் திட்டு) கட்டும் பவளங்கள் அனைத்தையும் கடல் விசிறிகளையும் 2001ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். கடல் குதிரையும் கடல் அட்டையும் அதே நிலைதான். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் செத்த பவளத் துண்டும் சட்டத்தின் கண்ணில் பவளம்தான். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தைப் பவளக் கல்லில் கட்டியிருக்கிறார்களே என்று வாதம் செய்து பயனில்லை. அது வேறு காலம்.

சட்டத்தை விடுங்கள். பாசிக் கணக்கிலும் அந்தக் கல் நஷ்டம்தான். பவளக் கல் என்பது கால்சியம் கார்பனேட். பாஸ்பேட் அதன் மேல் ஒட்டிக்கொள்ளும். கரையில் கிடந்த கல்லின் துளைகளுக்குள் கடற்பஞ்சும் புழுவும் செத்து ஊறியிருக்கும். தொட்டிக்குள் வந்ததும் அது மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். நீங்கள் தண்ணீரை மாற்றிப் பாஸ்பேட்டைக் குறைத்தால், மறுநாள் கல் தன்னிடம் உள்ளதை விட்டுப் பழைய அளவுக்கே கொண்டுவந்துவிடும்.

அதனால் கடல்நீர்த் தொட்டிக்கென்று விற்கும் பீங்கான் கல், அதாவது செராமிக் ராக் வாங்குங்கள். பார்க்கக் கொஞ்சம் பொம்மைத்தனமாக இருக்கும். ஆறு மாதத்தில் இளஞ்சிவப்புக் கோரலைன் பாசி படிந்துவிட்டால் வித்தியாசம் தெரியாது. கற்களைச் சுவர்போல் அடுக்காமல், பின்பக்கமும் தண்ணீர் ஓட இடம் விட்டு இரண்டு குவியலாக வையுங்கள். தண்ணீர் ஓடாத மூலையில் கழிவு தங்கும், அங்கேதான் முதல் சிவப்புப் படலம் வரும்.

கல் பவளங்களை வாட்ஸ்அப்பில் விற்பவர்கள் இருக்கிறார்கள். கிட்டப் போகாதீர்கள். மீனும் செயற்கைக் கல்லும் நத்தையும் உள்ள தொட்டியை ஒரு வருடம் ஒழுங்காக ஓட்டுங்கள். மென்பவளம் மேல் ஆசை இருந்தால், சட்டப்படி வந்ததற்குப் பில் கொடுப்பவரிடம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மீனுக்கும் இதே பேச்சுதான். கோமாளி மீனைப் பண்ணையில் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் உருவாக்கித் தந்திருக்கிறது. பண்ணைக் குஞ்சு உங்கள் தொட்டிக்கு வந்த நாளிலிருந்தே உருண்டைத் தீனி தின்னும். கடலில் பிடித்த மீன் தின்ன மறுக்கும். நாம் கவலைப்பட்டு மேலும் மேலும் போடுவோம். அத்தனையும் பாசிக்குத்தான் போகும்.

2. தண்ணீர்: உப்புநீரும் நன்னீரும்

தொட்டியை நிரப்பும் உப்புநீரைப் பற்றி எல்லோரும் யோசிப்பார்கள். தினமும் ஆவியாகும் இடத்தை நிரப்பும் நன்னீரை யோசிப்பவர்கள் குறைவு. அதனால் அதையே முதலில் சொல்கிறேன்.

ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். ஆகவே குறைந்ததை நன்னீரால்தான் நிரப்ப வேண்டும். மின்விசிறி ஓடும் தொட்டியில் தினமும் இரண்டரை லிட்டர் போகிறது என்றால் மாதம் 75 லிட்டர். நீங்கள் ஊற்றும் தண்ணீரில் நைட்ரேட் 20 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 20 மில்லிகிராம் இருந்தால், அந்த 75 லிட்டரோடு ஒன்றரைக் கிராம் நைட்ரேட் உள்ளே போகும். 160 லிட்டர் தொட்டியில் அது 9 பிபிஎம்மை ஏற்றிவிடும். ஒரு மீன்கூட இல்லாமல், ஒரு பருக்கைத் தீனிகூடப் போடாமல் ஏறும் அளவு இது. இதோடு சிலிக்கேட்டும் சேரும், அது பழுப்புப் பாசிக்கு உரம்.

நம் மாவட்டத்தில் கிணற்றுநீர் பெரும்பாலும் உவர். அது வேண்டவே வேண்டாம். காவிரிக் கூட்டுக் குடிநீரில் குளோரின் இருக்கும், கரைந்த உப்புகளும் இருக்கும். வீட்டு ஆர்ஓ நல்லதுதான், ஆனால் குடிக்க ருசியாக இருக்கட்டும் என்று பல கருவிகளில் மினரல் கார்ட்ரிட்ஜோ, பச்சைத் தண்ணீரைக் கலந்துவிடும் டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) திருகோ வைத்திருப்பார்கள். அதற்கு முன்னால் உள்ள குழாயிலிருந்து தண்ணீர் எடுங்கள். அதன்பின், மிச்சமுள்ள உப்பையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் குழாய் ஒன்று மாட்டுங்கள். டிடிஎஸ் மீட்டரில் 0 காட்ட வேண்டும். 5 தாண்டினால் ரெசின் தீர்ந்தது என்று அர்த்தம். கேன் தண்ணீரிலும் மினரல் சேர்ப்பவர்கள் உண்டு, மீட்டரை முக்கிப் பார்க்காமல் ஊற்றாதீர்கள். செம்புக் குடத்தில் பிடித்து வைத்த தண்ணீர் கூடவே கூடாது. செம்பு மிகச் சிறிதளவே கலந்தாலும் நத்தையும் இறாலும் சாகும், செத்தவை அழுகி மறுபடி நைட்ரேட்டாகும்.

உப்புநீருக்கு வருவோம். கடலோரத்தில் இருப்பதால் நமக்கு ஒரு சலுகை இருக்கிறது. அதை எடுக்கும் முறையில் எடுக்க வேண்டும்.

எந்தக் கடல் என்பதைக் காற்று முடிவு செய்யும். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரை தென்கடல் (மன்னார் வளைகுடா) கலங்கிக் கிடக்கும். அப்போது வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் எடுங்கள். வாடை தொடங்கிய பிறகு வடகடல் சேறாகும், தென்கடல் தெளியும். இது மீன்பிடிக்கப் போகும் எவருக்கும் தெரிந்த கணக்குதான். கரையில் நிற்கும் ஒருவரைக் கேட்டால் அன்றைய நிலைமையைச் சொல்லிவிடுவார்.

கடல் ஏற்றம் முடியும் நேரத்தில், இறங்குதுறையிலிருந்தும் மீன் காயவைக்கும் இடத்திலிருந்தும் தள்ளி எடுங்கள். ஊர்ச் சாக்கடை இறங்கும் வாயும் இறால் பண்ணைக் கழிவு வரும் வாய்க்காலும் பக்கத்தில் இருக்கக் கூடாது. மூடியுள்ள சுத்தமான டிரம்மில் ஊற்றி, வெளிச்சம் படாமல் பத்து நாள் அசைக்காமல் வையுங்கள். மிதவை உயிரிகள் இருட்டில் செத்து அடியில் படியும். மேலே உள்ள முக்கால் பங்கை மட்டும் குழாய் வைத்து இழுத்து, நெருக்கமான துணியில் வடிகட்டி, ஒரு நாள் காற்றுக்குழாய் போட்டு ஓடவிடுங்கள். பிறகு ரிஃப்ராக்டோமீட்டரில் உப்பு பாருங்கள். ஆயிரத்துக்கு 35 வேண்டும். மழைக்காலம் முடிந்த கையோடு வங்கக் கடலின் உப்புக் குறைந்த நீர் வடகடலுக்குள் வருவதால் அளவு இறங்கியிருக்கும். சித்திரை வெயிலில் கரையோரத்தில் ஏறியிருக்கும். குறைந்தால் சால்ட் மிக்ஸும், கூடினால் ஆர்ஓ தண்ணீரும் சேர்த்துச் சரிசெய்யுங்கள். கடைசியாக நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் அளந்த பிறகே தொட்டிக்குள் விடுங்கள்.

கடல் பச்சையாகத் தெரியும் நாட்களில் ஒரு சொட்டும் எடுக்காதீர்கள். 2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பக்கம் கடல் பச்சை நிறமாகி மீன்கள் செத்து ஒதுங்கியதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். பூங்கோரை என்று நம் மீனவர்கள் சொல்லும் அந்த நுண்ணுயிர், நாக்டிலூக்கா, கூட்டமாகப் பெருகிச் சாகும்போது தண்ணீரில் பிராணவாயு இல்லாமல் போகும், அம்மோனியா ஏறும். நிறம் போய்ச் சில வாரம் ஆன பிறகே டிரம்மை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

வாலிநோக்கம் உப்பளத்து உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. பாத்தியில் முதலில் படிகமாவது சோடியம் குளோரைடு. மெக்னீசியமும் பொட்டாசியமும் பெரும்பாலும் எஞ்சிய கசப்பு நீரோடு வெளியே போய்விடுகின்றன. அந்த உப்பில் மீன் சில நாள் தாக்குப்பிடிக்கலாம், கோரலைன் பாசி படியாது, நத்தை ஓடு வளர்க்காது.

3. முதல் ஆறு வாரம்: கை கட்டி நில்லுங்கள்

கல், மணல், உப்புநீர், பம்ப் எல்லாம் ஓடத் தொடங்கியதும் மீன் விட வேண்டாம். பாட்டிலில் வரும் பாக்டீரியாவைச் சேர்த்து, அதற்குச் சாப்பாடாகச் சிறிதளவு அம்மோனியா கொடுங்கள். இல்லையென்றால் ஒரு சிட்டிகைத் தீனியை அழுக விடுங்கள். அம்மோனியா நைட்ரைட்டாகி, நைட்ரைட் நைட்ரேட்டாக மாற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் 0 காட்டி, நைட்ரேட் மட்டும் ஏறியிருந்தால் வேலை முடிந்தது. பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு இரண்டு கோமாளி மீன் விடலாம். இந்தக் காலத்தில் விளக்கே தேவையில்லை.

மீன் வந்து விளக்கு போட்டதும் பழுப்புத் தூள் படியும். இது டயட்டம். கல்லிலும் மணலிலும் உள்ள சிலிக்கேட்டைத் தின்று தீர்த்ததும் இரண்டு மூன்று வாரத்தில் தானாகப் போகும். அதன் பிறகு பச்சை வரும். பச்சை வந்தால் நத்தை விடும் நேரம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சில தொட்டிகளில் நடுவில் சிவப்புப் படலமும் எட்டிப் பார்க்கும். புதுக் கல்லில் யார் இடம் பிடிப்பது என்று இவை போட்டி போடும் காலம் இது, மூன்று நான்கு மாதம் நீளலாம். இந்த மாதங்களில்தான் ஆட்கள் பொறுமை இழந்து, மருந்து ஊற்றி, கல்லை வெளியே எடுத்து வெந்நீரில் தேய்த்து, வளர்ந்துகொண்டிருந்த பாக்டீரியாவையும் சேர்த்துக் கொன்று மறுபடி முதல் வாரத்துக்கே போகிறார்கள்.

4. தீனி: பாதிக்கு மேல் பிரச்சினை இங்கேதான்

ஒரு கிராம் உருண்டைத் தீனியில் ஏறக்குறைய பத்து மில்லிகிராம் பாஸ்பரஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடையில் விற்கும் மீன் தீனிகளுக்கு இது அதிகமான அளவல்ல. அது முழுதும் பாஸ்பேட்டாக மாறினால் முப்பது மில்லிகிராம். 160 லிட்டரில் அது 0.19 பிபிஎம். நாம் தொட்டியில் வைத்திருக்க விரும்புவது 0.03லிருந்து 0.10 வரை. ஒரே ஒரு கிராம் தீனி இலக்கை இரண்டு மடங்காகத் தாண்ட வைக்கும்.

அதே கிராமில் புரதம் 45 சதம் என்றால், அதிலுள்ள நைட்ரஜன் முழுதும் நைட்ரேட்டாகும்போது 300 மில்லிகிராமுக்கு மேல் வரும். நம் தொட்டிக்கு அது 2 பிபிஎம். மீன் கொஞ்சத்தை உடம்பில் சேர்த்துக்கொள்ளும், கழிவை நுரையோடு பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் கொஞ்சத்தை எடுக்கும், பாக்டீரியா கொஞ்சம் தின்னும். இருந்தாலும் தினம் ஒரு கிராம் போட்டால் மாதக் கடைசியில் என்ன ஆகும் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கோமாளி மீனுக்கு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு தாராளம். விரல் நுனியால் கிள்ளிப் போடுவதை ஒரு தடவை நகைக்கடைத் தராசு வகைச் சின்ன மின்தராசில் வைத்துப் பாருங்கள். நீங்கள் நினைத்ததைப் போல மூன்று மடங்கு காட்டும். பம்பை நிறுத்திவிட்டுப் போடுங்கள். ஒரு நிமிடத்தில் தின்னாதது மிச்சம், அதை வலையால் எடுத்துவிடுங்கள்.

நமக்குச் சந்தையில் கூனியும் இறாலும் மலிவாகக் கிடைக்கும். போடலாம். உறைபெட்டியில் சில நாள் வைத்து, கரைந்ததும் வரும் கலங்கல் நீரைக் கொட்டிவிட்டு, ஆர்ஓ தண்ணீரில் அலசிப் பொடியாக அரிந்து போடுங்கள். பாஸ்பேட்டில் நல்ல பங்கு அந்தக் கலங்கல் நீரில்தான் இருக்கிறது. ஐஸ் இறாலானால் இரண்டு முறை அலசுங்கள், கெடாமல் இருக்கப் பாஸ்பேட் சேர்த்துப் பதப்படுத்தும் வழக்கம் உண்டு.

வீட்டில் ஒருவர் மட்டும் தீனி போடட்டும். அப்பா காலையில் ஒரு தடவை, பிள்ளை பள்ளி விட்டு வந்து ஒரு தடவை, அப்பத்தா “வாயைத் திறந்து திறந்து கேக்குதுய்யா, பாவம்” என்று ஒரு தடவை போட்டால் எந்த ஸ்கிம்மரும் அந்தத் தொட்டியைக் காப்பாற்றாது. ஊருக்குப் போகும்போது ஒவ்வொரு நாள் பங்கையும் தனித்தனித் தாளில் மடித்துக் கொடுத்துவிட்டு டப்பாவை ஒளித்து வையுங்கள். மூன்று நாளுக்குள் திரும்புவதானால் மீன் பட்டினி கிடப்பதே நல்லது.

5. அளப்பது

வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், நைட்ரேட்டும் பாஸ்பேட்டும். எழுதி வையுங்கள். ஒரு நாள் எண்ணை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள், நான்கு வாரப் போக்கைப் பாருங்கள்.

இருக்க வேண்டிய அளவு: நைட்ரேட் 2லிருந்து 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03லிருந்து 0.10. மீன் மட்டும் உள்ள தொட்டியில் நைட்ரேட் 20, 30 போனாலும் மீனுக்கு ஒன்றும் ஆகாது, பாசிக்குத்தான் கொண்டாட்டம்.

நைட்ரேட்டுக்கு நிறம் பார்க்கும் சாதாரண டெஸ்ட் கிட் போதும். சில கிட்களில் இரண்டாம் பாட்டிலில் தூள் அடியில் தங்கும். முப்பது வினாடி ஓங்கிக் குலுக்காவிட்டால் பொய்யாகக் குறைத்துக் காட்டும். பாஸ்பேட்டுக்குச் சாதாரணக் கிட் போதாது. 0 நிறத்துக்கு அடுத்தது 0.25 என்று தாவும் கிட்டை வைத்துக்கொண்டு 0.05 எப்படிப் பார்ப்பது? ஹன்னா செக்கர் மாதிரி ஒளியால் அளக்கும் சின்னக் கருவி வாங்குங்கள். விலை உறுத்தும், ஆனால் இந்தத் தொழிலில் காசு போடத் தகுந்த கருவி இதுதான். அதில் ஒரு வகை பாஸ்பரஸைப் பிபிபி அளவில் (பிபிஎம்மில் ஆயிரத்தில் ஒரு பங்கு) காட்டும். அந்த எண்ணை 3.07ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் பாஸ்பேட் பிபிஎம். 10 காட்டினால் 0.03. ரசாயனங்களின் காலாவதித் தேதியைப் பாருங்கள், நம் ஊர் வெயிலில் ஜன்னலோரம் வைத்த கிட் சீக்கிரம் கெடும்.

கல் முழுக்கப் பாசி மண்டியிருக்க, கிட் மட்டும் 0 காட்டும். அதை நம்பி ‘சத்தே இல்லையே’ என்று குழம்பாதீர்கள். வருவதை எல்லாம் பாசி உடனுக்குடன் தின்றுவிடுகிறது, தண்ணீரில் மிச்சமில்லை, அதைத்தான் கிட் சொல்கிறது.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. பாசிக்குப் பயந்து இரண்டையும் நிஜமாகவே 0 ஆக்கிவிட்டால் டைனோஃப்ளாஜெல்லேட் என்ற பழுப்புச் சளி நுண்ணுயிர் வரும். அது வந்தால் பச்சைப் பாசியே மேல் என்று ஏங்குவீர்கள்.

6. எது எந்தப் பாசி

கண்ணாடியில் படியும் பச்சைத் தூசி எல்லாத் தொட்டியிலும் உண்டு. மூன்று நாளுக்கு ஒரு முறை காந்தத் தேய்ப்பானால் துடைத்தால் போதும். தினமும் துடைக்க வேண்டி வந்தால் தீனி கூடியிருக்கிறது. பத்து நாளாகியும் கண்ணாடி பளபளப்பாக இருந்தால் சத்து பற்றவில்லை. கிட் இல்லாதவர்களும் இதை வைத்தே ஓரளவு ஓட்டலாம்.

இழை இழையாகப் பச்சை முடிப்பாசி வளர்ந்தால், முதலில் கையால் பிடுங்குங்கள். தண்ணீர் மாற்றும் நாளில், உறிஞ்சு குழாயை ஒரு கையில் பிடித்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் மறுகையில் தேய்த்து, பிய்ந்து வருவதை அப்போதே வெளியே இழுத்துவிடுங்கள். வெளியே போகும் ஒவ்வொரு பிடியோடும் அது தின்ற நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் போகிறது. தேய்த்ததைத் தொட்டிக்குள்ளேயே மிதக்கவிட்டால் அழுகித் திரும்ப வரும். முடி குட்டையானதும் நத்தைகள் பார்த்துக்கொள்ளும். நீண்டு வளர்ந்த முடியை நத்தை தொடாது. நம் கடலில் பார்களின் மேல் பாசியை மேய்ந்து அடக்கி வைப்பது ஓரா மீனும் கிளிமீனும்தான். ஓராக் குஞ்சு கிடைக்கிறதே, விடலாமா என்றால், மூன்றடித் தொட்டிக்கு அது ஆகாது. வேகமாக வளரும், முதுகு முள்ளில் விஷம் வேறு, கையை விட்டுத் தொட்டி துடைக்கும்போது குத்தினால் தெரியும்.

பச்சைக் கண்ணாடி மணி உருண்டைகள் தெரிந்தால் அது வலோனியா. தொட்டிக்குள் உடைக்காதீர்கள். அடியோடு நெம்பி, உறிஞ்சு குழாய்க்குள் விழ வையுங்கள். ஒன்றிரண்டு இருக்கும்போதே செய்தால் பத்து நிமிட வேலை.

சிவப்பு அல்லது கரும்பச்சைப் படலம், மேலே சின்னக் குமிழிகளோடு, பால் ஆடை போல உரிந்து வந்தால் அது சயனோபாக்டீரியா. பெயரிலேயே சொல்கிறபடி பாக்டீரியா. நத்தை தின்னாது. உரித்து உறிஞ்சுங்கள். அந்த இடத்துக்குத் தண்ணீர் ஓட்டம் போகும்படி, தொட்டிக்குள் தண்ணீரைத் தள்ளும் வேவ்மேக்கரைத் திருப்புங்கள். மணலில் தங்கிய கழிவை இழுங்கள். பாஸ்பேட் இருந்து நைட்ரேட் 0 என்றால் இது குஷியாக வளரும், அதனால் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். எரித்ரோமைசின் மாத்திரை கரைத்தால் போய்விடும் என்று சொல்வார்கள். போகும். கூடவே உங்கள் நல்ல பாக்டீரியாவுக்கும் அடி விழும்.

பழுப்புச் சளி, நூல் நூலாகத் தொங்கி, நுனியில் குமிழி பிடித்து, இரவில் குறைந்து பகலில் பெருகினால் டைனோஃப்ளாஜெல்லேட். இங்கே எல்லா அறிவுரையும் தலைகீழ். தண்ணீர் மாற்றுவதை நிறுத்துங்கள். தீனியைக் கூட்டுங்கள், ஸ்கிம்மரை மணிக்கணக்கில் நிறுத்தி வையுங்கள், பாஸ்பேட் பிடிக்கும் பொருள் ஏதாவது வைத்திருந்தால் வெளியே எடுங்கள். நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.05 தாண்டி நிலைக்கட்டும். இரவில் தண்ணீரில் மிதக்கும் வகைகளுக்கு யூவி விளக்கு உதவும். நத்தை இதைத் தின்றால் சாகலாம், செத்ததை உடனே எடுங்கள்.

இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ கெட்டியாகக் கல்லில் ஒட்டியிருப்பது கோரலைன். கண்ணாடியில் மட்டும் சுரண்டுங்கள், கல்லில் இருப்பதைக் கும்பிடுங்கள்.

7. வெளியேற்றும் வழிகள்

முதலில் பஞ்சு. பெரிய தொட்டிக்குக் கீழே உள்ள வடிகட்டும் தொட்டியான சம்ப்பில் விழும் தண்ணீர் முதலில் வெள்ளைப் பஞ்சு வழியாக வரட்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை மாற்றுங்கள். பஞ்சில் சிக்கிய கழிவு இன்னும் தண்ணீருக்குள்தான் இருக்கிறது. மாற்றாமல் விட்டால் அது நைட்ரேட் தொழிற்சாலை. இவ்வளவு மலிவாக இவ்வளவு வேலை செய்யும் பொருள் வேறில்லை, புதியவர்கள் அலட்சியப்படுத்துவதும் இதைத்தான்.

அடுத்தது ஸ்கிம்மர். கிண்ணத்தின் கழுத்தில் பிசுபிசுப்பு ஏறினால் நுரை ஏறாது, வாரம் இரண்டு முறை துடையுங்கள்.

தண்ணீர் மாற்றுவது வாரம் பத்து சதம், நம் தொட்டிக்குப் பதினாறு லிட்டர். இதிலிருந்து அற்புதம் எதிர்பார்க்க வேண்டாம். நைட்ரேட் 40 இருக்கும்போது பத்து சதம் மாற்றினால் 36 ஆகும். நான்கு வாரம் விடாமல் செய்தால், புதிதாக எதுவும் சேராத பட்சத்தில், 26. சேரத்தான் செய்யும். ஆகவே வரவைக் குறைக்காமல் வாளியை மட்டும் தூக்கிப் பயனில்லை. அதற்காக ஒரேயடியாகப் பாதியை மாற்றி மீனைத் திணறடிக்கவும் வேண்டாம்.

இதற்கெல்லாம் பிறகும் நைட்ரேட் இறங்கவில்லை என்றால் சம்ப்பில் ஓர் அறையில் கீட்டோமார்ஃபா பாசி வளர்க்கலாம். தொட்டி விளக்கு அணையும் நேரத்தில் இதன் விளக்கு எரியட்டும், இரவில் பிஎச் இறங்குவதும் குறையும். அறை நிறைந்ததும் பாதியை வெட்டி எறியுங்கள். பாசியைக் கொண்டே பாசியை ஒடுக்குவது கேட்க விசித்திரமாக இருக்கும். வேண்டிய இடத்தில் வளர்த்து வேண்டாத இடத்தில் பட்டினி போடுகிறோம், அவ்வளவுதான். நம் கரையில் சாதாரணமாகக் கிடைக்கும் காலர்ப்பாவை இதற்கு வைக்காதீர்கள். அது திடீரென்று ஒரே இரவில் வெளுத்துக் கரைந்து, தின்றதை எல்லாம் திருப்பித் தண்ணீரில் கக்கிவிடும்.

பாஸ்பேட்டைப் பிடிக்கும் இரும்பு ஆக்சைடு மணிகள், கடையில் ஜிஎஃப்ஓ என்பார்கள், கடைசியாக வரட்டும். பாக்கெட்டில் சொன்னதில் பாதியில் தொடங்குங்கள். ஒரு வாரத்தில் பாஸ்பேட் பாதிக்கு மேல் இறங்கினால் பையை வெளியே எடுத்துவிடுங்கள். வோட்கா, வினிகர் ஊற்றி பாக்டீரியாவைப் பெருக்கும் முறையை ஒரு வருடம் தள்ளி வையுங்கள். அளவு தவறினால் ஒரே இரவில் பிராணவாயு தீர்ந்துவிடும்.

நத்தை ஐந்தில் தொடங்கி, பாசி மிஞ்சினால் கூட்டுங்கள். கடையில் முப்பது நத்தைத் தொகுப்பு தருகிறேன் என்பார்கள். பாசி தீர்ந்ததும் இருபது பட்டினியில் செத்து அழுகும். தேசியப் பூங்காக் கடலிலிருந்து நத்தை, சங்கு பொறுக்குவதும் குற்றமே.

விளக்கு எட்டு மணி நேரம், டைமரில். வெள்ளை ஒளியைக் குறைத்து நீலத்தைக் கூட்டினால் பாசியும் குறையும், அழகும் கூடும். ஜன்னல் வெயில் தொட்டியில் விழக் கூடாது.

8. கோடையும் மின்தடையும்

பங்குனி தொடங்கியதும் கடலோர வீட்டில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். 25 டிகிரியில் கடல்நீர் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் பிராணவாயு தாங்கும், 30ல் 6.2 தான். சூட்டில் மீனுக்கோ தேவை கூடும். நீர்ப்பரப்பின் மேல் சின்ன விசிறி வைத்தால் இரண்டு டிகிரி இறங்கும். ஆனால் கடற்காற்றில் ஈரம் கூடிய நாளில் அதுவும் சரியாக வேலை செய்யாது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க வசதியில்லாதவர்கள் கோடை இரண்டு மாதமும் தீனியைக் குறைத்து, சில்லர் வாங்கும் வரை மென்பவள யோசனையை ஒத்திப் போடுங்கள்.

மின்தடைக்குப் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று கட்டாயம். மூடிய டப்பா வடிவக் கேனிஸ்டர் ஃபில்டர் வைத்திருப்பவர்கள், சில மணி நேரம் நின்றுபோனால் உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்டி, பஞ்சை அலசிய பிறகே மறுபடி ஓட்டுங்கள். உள்ளே பாக்டீரியா மூச்சுத்திணறிச் செத்திருக்கும். அந்தத் தண்ணீர் தொட்டிக்குள் திரும்பினால் அன்றைக்கே அம்மோனியா ஏறும்.

9. பிடுங்கிய பாசியை எங்கே போடுவது

கடலில் போடாதீர்கள். கடல்தானே, கடலிலிருந்து வந்தது கடலுக்கே போகட்டும் என்று நினைக்க வேண்டாம். தொழிலுக்காக 1990களில் மண்டபத்துக்குக் கொண்டுவந்த வெளிநாட்டுப் பாசி கப்பாஃபைகஸ். 2008ல் அது குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்கள் மேல் படர்ந்து மூடியிருந்ததை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்தார்கள். ஒரு துண்டு ஒடிந்து விழுந்தாலும் அதிலிருந்து புதிதாக வளரக்கூடிய பாசி அது. உங்கள் சம்ப்பில் உள்ள கீட்டோமார்ஃபா எந்த நாட்டுக் கடையிலிருந்து எந்தக் கை மாறி வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாமல் அதோடு வந்த புழுவும் நத்தை முட்டையும் எவை என்று யாருக்கும் தெரியாது. மொட்டை மாடியில் சிமெண்டுத் தரையில் விரித்து, சருகாகும் வரை வெயிலில் காயவிட்டு, குப்பையில் போடுங்கள்.

மாற்றிய தண்ணீரையும் கடற்கரையில் ஊற்றாமல் வீட்டுக் கழிவுநீர்க் குழாயில் விடுங்கள். தென்னைக்கு ஊற்றலாமே, உப்பு தாங்குமே என்பார்கள். தென்னை தாங்கும். ஆனால் பதினாறு லிட்டர் கடல்நீரில் அரைக் கிலோவுக்கு மேல் உப்பு இருக்கிறது. வாரா வாரம் ஒரே மரத்தடியில் ஊற்றினால் பக்கத்துக் கறிவேப்பிலையும் முருங்கையும் தாங்காது.